நூற்றுப் பதினோரு திருத்தங்கள்

முத்தம்மாவிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் முதலில் வெள்ளை மை விவகாரத்தைத்தான் சொல்வார்கள். டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் அவள் செக்‌ஷன் ஆபீசராக இருந்த காலம். சுரேஷ்குமார் என்ற புது கிளார்க் பதிவேட்டில் ஒரு தேதியைத் தப்பாக எழுதிவிட்டு, அதன்மேல் வெள்ளை மை தடவி, சரியான தேதியை மணி மணியாக எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். முத்தம்மா அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தப்பா எழுதினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். அதை மறைச்சே பாரு, அதுக்குத்தான் இந்த மெமோ."

அவள் சட்டம் ரொம்ப எளிது. தப்பான சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது யாரும் படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே சரியானதை எழுத வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம், திருத்திய நாளின் தேதி. பதிவேடு என்றால் அதில் நாம் செய்த தப்பும் இருக்க வேண்டும், அதை ஒத்துக்கொண்டதும் இருக்க வேண்டும் என்பாள்.

இவ்வளவு கறாரான மனுஷி, தன் சொந்த விஷயத்தில் மட்டும் இருபத்தாறு வருஷம் பொய் எழுதினாள். கூசாமல் எழுதினாள் என்று சொன்னால் பாவம் வரும். கூசிக் கூசித்தான் எழுதினாள். ஆனால் எழுதினாள்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பரீட்சை எழுதித் தேறி 1987-ல் கீழ்நிலை கிளார்க்காக டெல்லிக்கு வந்தபோது வயது இருபத்து மூன்று. லோதி ரோடு பக்கம் ஆபீஸ். நாலு வருஷம் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். மாதம் ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தை அவர்கள் நீட்டத் தொடங்கியதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில் போய்ச் சேர்ந்தாள். அங்கே அறைத்தோழியாக அமைந்தவள்தான் ஸ்டெல்லா மசீஹ். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். நெட்டையான பெண். அவள் சிரித்தால் மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

முதல் நாளே ஸ்டெல்லா சுவரில் பெரிய இந்திய வரைபடம் ஒன்றை மாட்டி, "உன் ஊர் எங்கே, காட்டு" என்றாள். சங்கரன்கோவில் அந்தப் படத்தில் இல்லை. ஸ்டெல்லா கேட்காமல் கொள்ளாமல் பேனாவை எடுத்து, முத்தம்மா விரல் வைத்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் பெயரையும் எழுதிவிட்டாள். அச்சடித்த படத்தில் இப்படிக் கிறுக்கலாமா என்று முத்தம்மாவுக்குப் பதறியது. "ஊர் நிஜமா இருக்குல்ல? அப்ப படத்துல இருக்கணும்" என்றாள் ஸ்டெல்லா. அந்த இடத்திலேயே முத்தம்மாவுக்கு அவள்மேல் ஆசை விழுந்துவிட்டது. ஆசை என்றால் ஆசைதான். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

எட்டு வருஷம் விடுதியில் இருந்துவிட்டு, 1999-ல் மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் முத்தம்மாவின் பெயரில் ஃப்ளாட் கிடைத்தது. இருவரும் குடிபோனார்கள். சொசைட்டிக்காரர்கள் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் வசிப்பவர், உரிமையாளருக்கு என்ன உறவு? முத்தம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஸ்டெல்லாவின் பெயருக்கு நேரே 'வாடகைக்குக் குடியிருப்பவர்' என்று எழுதினாள். தன் பெயருக்கு நேரே 'வீட்டு ஓனர்'.

ஒரு பொய்யைப் பதிவில் ஏற்றிவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எல்லாத் தாளும் அதோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அவளுக்கா தெரியாது? டெல்லியில் வாடகைக்கு ஆள் வைத்தால் போலீஸில் தெரிவித்துச் சரிபார்க்க வேண்டும். முத்தம்மா அதையும் முறைப்படி செய்தாள். கான்ஸ்டபிள் வந்து பார்ப்பார் என்று ஹாலில் தனியாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டு, விரிப்பு விரித்து, தலையணையும் வைத்தாள். அவர் வந்து, எட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். அந்தக் கட்டிலில் பதினாறு வருஷத்தில் ஒருவரும் படுத்ததில்லை. பக்கத்து ஃப்ளாட் ருக்கு மாமிதான் பால்கனியில் புறாத் தொல்லை தாங்காமல், வெயில் விழும் அந்தக் கட்டிலில் வருஷா வருஷம் வடாம் காய வைப்பாள்.

2015-ல் டெல்லி முழுக்க டெங்கு. ஸ்டெல்லாவுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் உறவினர் மட்டும் போகலாம் என்றார்கள். தம்பி வில்சன் போனான். முத்தம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று நாள் இருந்தாள். அக்டோபர் இருபத்து நாலாம் தேதி ஸ்டெல்லா போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்துக்கான படிவத்தை முத்தம்மாதான் நிரப்பினாள். வில்சன் அழுதுகொண்டிருந்தான். அவளையும் அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான். "தீதி, உங்க கையெழுத்து நல்லா இருக்கும், நீங்க எழுதுங்க" என்றான். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதி, 'தகவல் தருபவர், இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்துக்கு வந்தாள். முன்னே எழுதியதற்கு முரணாக எழுதக் கூடாது என்பது அவள் கையில் ஊறிய பழக்கம். மூளை யோசிக்கும் நிலையில் இல்லை, கை எழுதிவிட்டது. வீட்டு ஓனர்.

அந்தக் கல்லறைத் தோட்டம் பழைய டெல்லியை ஒட்டி இருக்கிறது. இருநூறு வருஷத்துக் கல்லறைகள், வேப்ப மரங்கள், குரங்குகள், மதிலுக்கு அப்பால் மெட்ரோ ரயில். வாசலில் காவல் பார்க்கும் சௌகிதார் சந்தரின் அறை. அதற்கு முன்னால் மேஜை மேல் ஒரு பதிவேடு. உள்ளே போகிற யாரும் பெயர், பார்க்க வந்த கல்லறையின் எண், இறந்தவருக்கு உறவு மூன்றையும் எழுத வேண்டும். முத்தம்மா மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் வருவாள். முத்தம்மா, சி-214, வீட்டு ஓனர். மாதா மாதம் அதே மூன்று.

எந்த ஊரில் எந்த வீட்டு ஓனர் செத்துப்போன வாடகைக்காரியைப் பார்க்க மாதா மாதம் செவ்வந்தி மாலையோடு வருகிறாள்? சந்தர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நல்ல மனுஷன்.

வருகிறவள் மற்ற கல்லறைகளையும் படிக்கத் தொடங்கினாள். முப்பது வருஷம் கோப்பு படித்த கண் சும்மா இருக்குமா? இரண்டு ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியைகள் ஒரே கல்லுக்குக் கீழே இருந்தார்கள். ஒருத்தி இறந்தது 1903, மற்றவள் எட்டு வருஷம் கழித்து. ஏன் ஒரே குழி? குறிப்பேடு ஒன்று வாங்கி எழுதிக்கொண்டாள்.

ஒருபாலுறவு குற்றமில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த வாரம், ருக்கு மாமியின் மகன் அர்விந்த் முத்தம்மா வீட்டுக் கதவைத் தட்டினான். டெல்லியில் பிறந்த பையன். தமிழ் பேசுவான், படிக்க வராது. ஹாலில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்றும், இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை என்றும் சொன்னான். முத்தம்மா அவனுக்கு தோசை வார்த்துக் கொடுத்தாள். "சொல்லு. உங்கம்மா நாலு நாள் அழுவா. அஞ்சாவது நாள் சாப்பிட்டியான்னு கேப்பா" என்றாள். ருக்கு மாமி ஆறு நாள் எடுத்துக்கொண்டாள். மற்றபடி கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து, ஆட்களைக் கூட்டிப்போய்க் கல்லறைகளைக் காட்டிக் கதை சொல்லும் நடை யோசனையைச் சொன்னவன் அர்விந்த்தான். "ஆன்ட்டி, இது ஹிஸ்டரி. யாருக்கும் தெரியாது. நாம ஒரு வாக் பண்ணலாம். நீங்க பேசுங்க, நான் ஆள் கூட்டிண்டு வரேன்."

"எய்யா, நான் ஆதாரம் இருக்கிறதை மட்டும்தான் சொல்லுவேன். காதல் கத்தரிக்கான்னு ஜோடிச்சுச் சொல்ல மாட்டேன். சம்மதமா?"

"அச்சா ஆன்ட்டி. டன்."

இப்படித்தான் 2019 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலை நடை நடந்தது. கல்லறைத் தோட்டக் கமிட்டியிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, முறைப்படி. முனிர்காவிலிருந்து மாணவர்கள் வருவார்கள், குர்காவ்னிலிருந்து ஐ.டி. ஆட்கள் வருவார்கள். காட்டன் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக முத்தம்மா முன்னால் நடப்பாள். ஆசிரியைகளின் கல் முன்னால் நின்று இந்தியில் சொல்வாள்: "இவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் என்னவா இருந்தாங்கன்னு கல்லுல எழுதலை. ஆனா எட்டு வருஷம் கழிச்சு அதே குழியைத் தோண்டி என்னை வைங்கன்னு இந்தம்மா எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க. அது பழைய பதிவேட்டுல இருக்கு. நான் அவ்வளவுதான் சொல்வேன். மீதியை வீட்டுக்குப் போய் யோசிங்க."

அடுத்தது மதிலோரம் மேரி. 1986-ல் இறந்தவள். பதிவேட்டில் மைக்கேல் என்று இருக்கும். கல்லில் மேரி என்று இருக்கும். மேரி என்று கல் வைக்க அன்றைய கமிட்டி மறுத்துவிட்டது. அவளோடு வாழ்ந்த திருநங்கைகள் பத்துப் பேர் பட்டப்பகலில் கைவண்டியில் கல்லை ஏற்றிக்கொண்டு வந்து தாங்களே நட்டார்கள். கமிட்டிக்காரர் ஓடிவந்து கத்தினார். அவர்கள் கல்லைச் சுற்றி நின்று கையைத் தட்டினார்கள். சந்தர் சின்ன வயதில் கண்ணால் பார்த்தது இது. அந்தக் கல்லை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை.

மூன்றாவதாக சி-214. அங்கே கல் கிடையாது. இரும்புச் சிலுவையில் எண் மட்டும். கல் வைக்க உறவினர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வில்சன் இதோ அதோ என்று பத்து வருஷம் ஓட்டிவிட்டான். அந்த இடம் வந்ததும் முத்தம்மா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். இங்கே ஏன் நிற்கிறோம் என்று யாராவது கேட்டால், "எனக்குக் கால் வலிக்குது" என்பாள். அர்விந்த் அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டில் விநியோகம் செய்வான். ஸ்டெல்லா ஆன்ட்டி மடியில் உட்கார்ந்து தேசப்படம் பார்த்து வளர்ந்தவன் அவன். தெரியாமலா இருக்கும்? கேட்காமல் இருந்தான்.

ஆக, ஊர் உலகத்தில் செத்தவர்களுக்கெல்லாம் ஆதாரம் தேடி நியாயம் கேட்டவள், தன் முறை வந்தால் கால்வலி வந்து உட்கார்ந்தாள். அவள்மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2025-ல் கமிட்டிக்குப் புதுச் செயலாளர் வந்தார். லால் சாஹப். வந்த மாதமே நடைக்கு அனுமதி ரத்து. 'கூட்டமாக நடப்பது, விளக்கவுரை, வீடியோ கூடாது. உறவினர் மட்டும் வரலாம்' என்று வாசலில் போர்டு. அதற்குப் பக்கத்தில் அக்டோபரில் இன்னொரு பட்டியல் தொங்கியது. இடப் பற்றாக்குறையால், பத்து வருஷம் முடிந்த, கல் இல்லாத, குடும்பத்தார் ஆட்சேபம் தெரிவிக்காத கல்லறைகள் நவம்பர் மூன்று முதல் தோண்டப்பட்டு வேறு அடக்கத்துக்குக் கொடுக்கப்படும். முப்பத்தொரு எண்கள். பதினேழாவது சி-214.

முத்தம்மா நேராக லால் சாஹப்பின் அறைக்குப் போனாள். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, அடக்கப் பேரேட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த படிவத்தைப் பிரித்துக் காட்டினார்.

"இவங்க தம்பி எழுதிக் கொடுத்துட்டார், மேடம். குடும்பத்துக்கு ஆட்சேபம் இல்லை."

"எனக்கு இருக்கு."

"நீங்க யாரு?" அவர் விரல் வரியில் ஓடி நின்றது. "நீங்களே எழுதியிருக்கீங்க. வீட்டு ஓனர். உங்க கையெழுத்துதானே இது?"

அவள் கையெழுத்துதான். எவ்வளவு அழகான கையெழுத்து!

"ஆட்சேபம் சொல்ல யாருக்கு உரிமை?"

"ரத்த உறவு. இல்லாட்டி கணவன், மனைவி."

"கணவன் மனைவின்னா கல்யாண சர்ட்டிபிகேட் கேப்பீங்களா?"

லால் சாஹப் சிரித்தார். "சாவு வீட்டுல யாரு மேடம் சர்ட்டிபிகேட் கொண்டு வர்றாங்க? என்ன உறவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறாங்களோ, அதை நம்புறோம். இருநூறு வருஷமா அப்படித்தான். நீங்க எழுதினதையும் நம்பித்தானே இருக்கோம்?"

வெளியே வந்து வில்சனுக்கு போன் செய்தாள். ஒரு காலத்தில் தீதி தீதி என்று காலைச் சுற்றியவன், இப்போது "மேடம்" என்றான். மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். கல் வைத்தால் யார் வைத்தது என்று பேச்சு வருமாம். உங்கள் நடை வீடியோவெல்லாம் சொந்தக்காரர்கள் போனில் வருகிறதாம்.

"அதனால உன் அக்கா எலும்பைத் தோண்டி எடுக்கச் சொல்லிட்டியா?"

"நான் ரத்த உறவு, மேடம். நீங்க யாருன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

ஒரே நாளில் இரண்டு பேர் அதே வரியை அவள் முகத்தில் எறிந்தார்கள். மெட்ரோவில் வீடு வருகிறவரை முத்தம்மா யாரையும் பார்க்கவில்லை. 2023-ல் இதே உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்டவர்களின் கல்யாணத்தை அங்கீகரிக்க முடியாது என்று சொன்னபோது, நீதிபதிகளை வாயார வைதவள் அவள். இப்போது திட்ட ஆள் இல்லை. கோர்ட்டு கேட்கும் தாள் எதையும் கல்லறைக்காரர்கள் கேட்கவில்லை. ஒரு சொல் எழுதினால் போதும் என்று அவள் முன்னால் பேனாவை நீட்டியிருக்கிறார்கள், பத்து வருஷம், மாதா மாதம். எழுத மறுத்தவள் அவள்தான். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. மறுநாள் காலை ருக்கு மாமி வீட்டுக் கதவைத் தட்டி, தாம்புக்கயிறு போல் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நவம்பர் ரெண்டு ஞாயித்துக்கிழமை எங்கூட கல்லறைக்கு வரணும். ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்."

"நான் மடியோட இருக்கப்பட்டவ. கல்லறைக்கெல்லாம் எதுக்குடி?"

"வாரியா, இல்லையா?"

"வரேன், வரேன். கத்தாதே."

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். டெல்லியின் கிறிஸ்தவக் குடும்பங்களெல்லாம் மெழுகுவர்த்தியும் பூவுமாக வருவார்கள். அன்று யாரையும் வாசலில் தடுக்க முடியாது. பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போகலாம். அர்விந்த் செய்தி அனுப்பியிருந்தான்: நடை உண்டு, கூட்டமாக வராதீர்கள், உறவினராக வாருங்கள். புகைமூட்டத்தில் சூரியன் அழுக்கு ஆரஞ்சாக இருந்த காலை நேரத்தில் இருபத்தேழு பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாலை. பார்க்க ஆளில்லாத கல்லறை ஒன்றின் எண். அர்விந்த் மேரியின் எண்ணை எழுதி, உறவு என்ற இடத்தில் பேரன் என்று போட்டான். சந்தர் எட்டிப் பார்த்தார். "கட்டம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

முத்தம்மா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "எனக்கு அப்புறம்" என்று உள்ளே போனாள்.

ஆசிரியைகள் ஆயிற்று. மேரி ஆயிற்று. சி-214 வந்தது. அர்விந்த் வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். முத்தம்மா பெஞ்சைப் பார்த்தாள். உட்காரவில்லை.

"இங்க இருக்கிறது ஸ்டெல்லா மசீஹ். பூகோள டீச்சர்" என்று தொடங்கினாள். குரல் ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. "ஆதாரம் இல்லாம நான் பேச மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். இதுக்கு ஆதாரம் நான். இருபத்து நாலு வருஷம் நாங்க ஒண்ணா வாழ்ந்தோம். அவ என் வாடகைக்காரின்னு சொசைட்டில எழுதினேன், போலீஸ்ல எழுதினேன், அவ செத்த அன்னைக்கு இங்கேயும் எழுதினேன். யாரும் என் கையைப் பிடிச்சு எழுத வைக்கலை. பயந்துதான் எழுதினேன். நாளைக்கு இவளைத் தோண்டப் போறாங்க. நான் எழுதினதை வெச்சுத்தான் தோண்டப் போறாங்க. அதனால இப்ப நான் போய் அதைத் திருத்தப் போறேன். பாக்கணும்னா வாங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். இருபத்தேழு பேரும் பின்னால் போனார்கள். ருக்கு மாமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குரங்குக்குப் பயந்து பயந்து கடைசியில் வந்தாள்.

வாசலில் முத்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சந்தர், 2015 நவம்பர்லேர்ந்து எல்லாப் பதிவேடும் எடுங்க."

சந்தர் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆறு பதிவேடுகளைக் கொண்டுவந்து தூசி தட்டி வைத்தார். முத்தம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் பதிவு 2015 நவம்பர் ஏழாம் தேதி. 'வீட்டு ஓனர்' என்ற சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு. மேலே, மனைவி. பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி 2-11-2025. பக்கத்தைத் திருப்பினாள். டிசம்பர். கோடு. மனைவி. சுருக்கொப்பம். தேதி. பூ வாங்கி வந்த குடும்பங்கள் நின்று பார்த்தன. ஒரு கிழவர் என்ன நடக்கிறது என்று கேட்டார். அர்விந்த் சொன்னான். கிழவர் போகாமல் நின்றார்.

மூன்றாவது பதிவேட்டில் இருக்கும்போது லால் சாஹப் வேகமாக வந்தார்.

"மேடம், என்ன செய்றீங்க? இது கமிட்டி ரெக்கார்டு. அழிக்கக் கூடாது."

"எதை அழிச்சேன்? படிச்சுப் பாருங்க. பழசும் தெரியுது, புதுசும் தெரியுது. ஒரு பொய்யை நான் எழுதினேன், நானே திருத்துறேன். என் பேரு, என் கையெழுத்து, இன்னைக்குத் தேதி. வேற யாரு எழுதினதையும் தொடலை." பேசிக்கொண்டே அடுத்த கோட்டைப் போட்டாள்.

"கல்லறைக்காகத்தானே இப்ப மாத்துறீங்க?"

"ஆமா. கல்லறைக்காகத்தான். வேற எதுக்கு?"

முத்தம்மா எழுதிக்கொண்டே போனாள். 2020-ல் ஊரடங்கில் வாசல் பூட்டியிருந்த மாதங்கள் விடுபட்டிருந்தன. மற்றபடி எல்லா முதல் சனிக்கிழமையும் இருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒரு பெண் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, கடைசிப் பதிவில் தேதி போட்டு முத்தம்மா பேனாவை மூடியபோது, "நூத்துப் பதினொண்ணு" என்றாள் அந்தப் பெண்.

"லால் சாஹப், இந்த ஆறு பதிவேட்டுலயும் சி-214-க்கு வில்சன் மசீஹ் எத்தனை தடவை வந்திருக்கார்னு பாருங்க."

அவர் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை என்பது சந்தர் முகத்திலேயே எழுதியிருந்தது.

முத்தம்மா கைப்பையிலிருந்து டைப் செய்த தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். இறந்தவரின் மனைவி என்ற முறையில் தோண்டுவதற்கு ஆட்சேபம். அடக்கப் பேரேட்டிலும் அதே திருத்தத்தைச் செய்ய அனுமதி. இணைப்பு: பார்வையாளர் பதிவேடுகள், ஆறு. கீழே சாட்சி என்று ஒரு இடம் காலியாக இருந்தது.

"ருக்கு, வா."

ருக்கு மாமி முன்னால் வந்தாள். தாளைத் தூரப் பிடித்து முழுவதும் படித்தாள். இருபத்தாறு வருஷப் பக்கத்து வீடு. முத்தம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் பதிவேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சாயங்காலத்துக்குள் சொசைட்டி முழுக்கத் தெரிந்துவிடும்.

"இதுக்கா இத்தனை பிகு பண்ணிண்டே?" என்றாள் மாமி. "அந்தக் கட்டில்ல ஒருத்தரும் படுக்கலேன்னு நேக்குத் தெரியாதாடி? பதினாறு வருஷம் வடாம் காய வெச்சவளே நான்தானே." லால் சாஹப்பிடம் திரும்பித் தன் அரைகுறை இந்தியில் கேட்டாள்: "பேனா இருக்கா, பாய் சாஹப்?"

அவர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். மாமி கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லால் சாஹப் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஏத்துக்கலாமா வேண்டாமான்னு கமிட்டிதான் முடிவு பண்ணணும். நான் தனியா ஒண்ணும் சொல்ல முடியாது. தம்பியையும் கூப்பிட்டுக் கேக்கணும். நாளாகும்."

"ஆகட்டும். அதுவரைக்கும்?"

அவர் வாசல் போர்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "சந்தர், பதினேழாம் நம்பரை லிஸ்ட்லேர்ந்து எடு. கேஸ் பெண்டிங்."

முத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கோப்பைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் அரசாங்கத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். நிலுவையில் வைத்திருக்கத் தெரிந்தவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நடுவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். கமிட்டி ஒரு கேள்வி கேட்டால் அவள் மூன்று பதில் எழுதுவாள். மூன்று பதிலுக்கும் இணைப்பு இருக்கும். அவள் உயிரோடு இருக்கிறவரை சி-214-ல் யாரும் மண்வெட்டி வைக்க முடியாது. அதற்குப் பிறகும் முடியாது, அர்விந்த் இருக்கிறான்.

"இன்னைக்கு எண்ட்ரி போடலையே, மேடம்" என்றார் சந்தர்.

இன்றைய பதிவேட்டை இழுத்து எழுதினாள். முத்தம்மா, சி-214, மனைவி. இந்த வரியில் கோடு எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு லால் சாஹப் போவதற்குள் கையை நீட்டினாள். "கல் வைக்கிற விண்ணப்பம் ஒண்ணு குடுங்க."

"முதல்ல கமிட்டி முடிவு..."

"அதுவும் பெண்டிங்ல கிடக்கட்டும். குடுங்க."

அவர் கொடுத்தார். மேலே இறந்தவரின் பெயர், அதற்குக் கீழே விண்ணப்பதாரரின் பெயர், கீழே கடைசியில் உறவு. படிவத்தை மேலிருந்து கீழாக நிரப்ப வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முத்தம்மா, அன்று உறவைத்தான் முதலில் எழுதினாள்.